பதினோராம் கேள்விக்கு ‘இல்லை’

சித்தியின் கடைக்கதவில் அவள் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு தொங்கியதை நாங்கள் பார்த்தது ஒரு புதன்கிழமை காலை, எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நாட்குறிப்புதான் காரணம். பகலில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லி ஆசிரியை உத்தரவு. நான் அந்தப் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டேன்: நடந்தது, நான் செய்தது, நான் செய்திருக்க வேண்டியது. மூன்றாவது பகுதிக்குத்தான் எப்போதும் இடம் போதுவதில்லை.

அன்று அந்த மூன்றாவது பகுதியில், ‘பூட்டைக் கண்டதும் அழாமல் இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். சித்தி அழவில்லை. இரண்டு பூட்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பூட்டு நம்ம பூட்டைவிட மட்டம்” என்றாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. நகரத்தில் வேலை கிடைத்ததிலிருந்து அவளோடுதான் இருக்கிறேன். குஷன் வேலை செய்கிறவள். சோபா, நாற்காலி, கார் சீட், ஆஸ்பத்திரி பெஞ்சு, எதுவாக இருந்தாலும் கிழிந்த துணியை உரித்து, உள்ளே அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, தொங்கும் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புதுத் துணி தைத்துப் போட்டுவிடுவாள். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறைதான் கடை. அந்த அறைக்குள் இருந்தது அவளுடைய பெரிய தையல் மெஷின். தோலையும் தடித்த துணியையும் நான்கு மடிப்பு வைத்தாலும் ஓட்டிவிடும். அது இல்லாமல் சித்தியால் தலையணை உறை தைக்கலாம், வேறொன்றும் முடியாது.

பூட்டுப் போட்டவர் கட்டடத்தின் சொந்தக்காரர். மூன்றாவது மாடியில் குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் பில்டிங்காரர், அவர் மனைவி பில்டிங்காரம்மா. அந்த அறையை இரண்டு மடங்கு வாடகைக்குக் கேட்டு ஒரு செல்போன் கடைக்காரர் வந்திருந்தார். சித்தியின் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. காலி செய்யச் சொல்லிக் கேட்டு, கெஞ்சி, முறைத்துப் பார்த்து, எதுவும் பலிக்காமல் பூட்டை மாட்டிவிட்டார். மெஷினையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று சித்தி கேட்டதற்கு, சுவரெல்லாம் ஆணி அடித்துச் சல்லடையாக்கி வைத்திருக்கிறாய், முதலில் அதைச் சரிசெய்து கொடு, மெஷினைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மாடிப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

இலவசச் சட்ட உதவி மையத்தில் இருந்த வக்கீல் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது நிற்கும் வழக்கு என்று சொல்லி, அறையைத் திறந்துவிடக் கோரும் மனுவை அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்து கொடுத்தார். அதைத் தாக்கல் செய்யக் கட்ட வேண்டிய தொகையைச் சொன்னபோதுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தியின் இரண்டு மாத வருமானத்தைவிட அதிகம். வருமானமோ பூட்டுக்கு உள்ளே இருந்தது.

வக்கீல் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஆறு பக்கம், இருபத்து மூன்று கேள்வி. கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் விலக்குக் கேட்கும் மனு. நிரப்பிக் கொடுத்தால் நீதிமன்ற ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார். எதிர்த்தரப்புக்கும் நகல் போகும். ஆட்சேபம் இருந்தால் அவர்களும் சொல்லலாம். பிறகு நீதிபதி முடிவு செய்வார். இந்தப் பகுதிக்கு வக்கீல் வர வேண்டியதில்லை, நீங்களே நிரப்பி நீங்களே பேசிவிடலாம் என்றார். விலக்குக் கிடைக்காவிட்டால் ஏழு நாளில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு குப்பைக்குப் போகும். மெஷின் பூட்டுக்குள்ளேயே கிடக்கும்.

நான் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாலை வகுப்பு முதன்முறையாக யாருக்காவது பயன்படப்போகிறது என்று தோன்றியது. உடனேயே, தப்பாக நிரப்பிவிடுவேனோ என்றும் தோன்றியது.

அன்று மாலை சமையலறைத் தரையில் படிவத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சித்திக்குத் தலைப்பே பிடிக்கவில்லை. தான் வசதியில்லாதவள் என்று தன் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுப்பதா என்று கேட்டாள். தான் கடைத்தெருவில் யாரிடமும் ஒரு டீகூடக் கடன் சொன்னதில்லை என்றாள். வசதியில்லாதவர் என்றால் இந்தக் கட்டணத்தைக் கட்ட வசதியில்லாதவர் என்று மட்டும்தான் பொருள் என்று நான் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டினேன். அவள் சமாதானமாகவில்லை. ஆனால் கேள்விகள் தொடங்கியதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாகனம் உண்டா என்றது ஏழாம் கேள்வி. பின்சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று படிக்கட்டுக்கு அடியில் இருந்தது.

“அரை வண்டின்னு போடு, கணக்குப்பிள்ளை” என்றாள். எதையும் எழுதிவைக்கிறேன் என்று அவள் எனக்கு வைத்த பெயர் அது.

நான் ‘சைக்கிள் ஒன்று (ஓடாதது)’ என்று எழுதினேன். இப்படியே சிரித்துக்கொண்டே பதினோராம் கேள்விக்கு வந்தோம்.

‘பிறருக்குச் சொந்தமான பொருள் ஏதேனும் உங்கள் பொறுப்பில் உள்ளதா? ஆம் எனில், பொருளின் விவரமும் உரிமையாளர் பெயரும்.’

சித்தியின் சிரிப்பு நின்றது. நான் தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பல் டாக்டரின் ஆறு நாற்காலிகளும், மூன்று பேர் உட்காரும் ஒரு பெரிய சோபாவும் இருந்தன. சோபா பில்டிங்காரம்மாவுடையது.

இதை விளக்காமல் மேலே போக முடியாது. குஷன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சோபாவுக்குத் துணி மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் அதை வெளியே சொல்வதில்லை. வருகிறவர்களிடம் ‘புதுசு’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அதனால் சித்தி பொருளை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் போர்வை சுற்றித்தான் வண்டியில் ஏற்றுவாள். யாருடையது என்று எங்கும் எழுதிவைக்க மாட்டாள். ஒருமுறை ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மா எல்லோரிடமும் தன் புதுச் சோபாவைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் சித்தி அதன் வயிற்றைக் கிழித்து ஸ்பிரிங் கட்டியிருந்தாள். அவள் சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாள். அந்த அம்மா இரண்டு கேக் துண்டு கூடுதலாக வைத்தார்.

பில்டிங்காரம்மாவின் கதை இன்னும் ஒரு படி மேலே. பழைய சோபாவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கப்போகிறேன், அட்வான்ஸ் கட்டியாயிற்று என்று கணவரிடம் சொல்லியிருந்தார். உண்மையில் சோபாவைச் சித்தியிடம் கொடுத்திருந்தார். கீழ்த்தளக் கடையில் வைத்தால் கணவர் ஒரு நாளைக்குப் பத்துமுறை கடந்துபோகிற இடம். அதனால் போர்வை சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது. சித்தி ஸ்பாஞ்ச் மாற்றி, கருஞ்சிவப்பு வெல்வெட்டை அளந்து வெட்டி, குண்டூசி குத்தி மேலே பொருத்திப் பார்த்திருந்தாள். மெஷினில் ஓட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் பில்டிங்காரர் பூட்டைப் போட்டார்.

புதுச் சோபா எப்போது வரும் என்று அவர் மனைவியைத் தினமும் நச்சரிப்பதாகவும், கடைக்காரன் இழுத்தடிக்கிறான் என்று இவர் சொல்லிச் சமாளிப்பதாகவும் எங்களுக்குத் தெரியவந்தபோது, சித்தி சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துக்கிட்டு சோபாவுக்குக் காத்திருக்காரு. சாவி அவர் பாக்கெட்டுலயே இருக்கு.”

ஆனால் பதினோராம் கேள்விக்கு முன்னால் அவள் சிரிக்கவில்லை. படிவத்தின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அங்கே பில்டிங்காரம்மா பெயரை எழுதினால், அவர் கணவர் கையில் போய் உட்காரும். பல் டாக்டர்கூட க்ளினிக்குக்குப் புது நாற்காலி போடப்போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் விஷயம் காகிதத்தில் ஏறக் கூடாது, ‘இல்லை’ என்று எழுது என்றாள். இது சரியில்லையே என்று இழுத்தேன். நம்முடையது இல்லாதபோது அதைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டாள். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. முதலில் பென்சிலால் எழுதினேன். பத்து நிமிடம் யோசித்துவிட்டு அதன்மேல் பேனாவால் எழுதினேன்.

நீதிமன்ற ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் ஒரு கோப்பு. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சமையலறையைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னார், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து சைக்கிளின் சக்கரத்தைக்கூட எண்ணினார். படிவத்தில் இருப்பதற்கு நேரே ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு, மீதியை எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சோபாவில் உட்கார்ந்தார்.

அதில் நாற்பத்தேழு குண்டூசிகள் இருந்தன. பிறகு எண்ணிப் பார்த்தேன்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். சித்தி ஓடிப்போய் முதலில் வெல்வெட்டைப் பார்த்தாள், பிறகுதான் அவரைப் பார்த்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் நின்றபடியே தண்ணீரைக் குடித்து, நின்றபடியே எழுதினார்: ‘வெல்வெட் சோபா, மூவர் அமரக்கூடியது, புதியது, ஒன்று. மெத்தை நாற்காலி, ஆறு.’ எழுதிவிட்டு, இவை யாருடையவை என்று கேட்டார். தன்னுடையவை இல்லை என்றாள் சித்தி. யாருடையவை என்று மறுபடி கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றாள். அவர் படிவத்தைத் திருப்பிப் பதினோராம் கேள்வியில் விரலை வைத்தார். கோபமில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

“உங்களுது இல்லங்கறீங்க. அடுத்தவங்களுதும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இது யாருதும்மா?”

போகும்போது வாசலில் நின்று, இந்த அறிக்கை இரு தரப்புக்கும் போகும், விசாரணை பத்தாவது நாள் என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி வந்து, கால்சட்டையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைய நாட்குறிப்பில் மூன்றாவது பகுதி அடுத்த பக்கத்துக்கும் ஓடியது.

பில்டிங்காரரின் ஆட்சேபம் நான்காவது நாளே வந்துவிட்டது. மனுதாரர் ஏழை என்று சொல்லிக்கொண்டு வெல்வெட் சோபாவில் சொகுசாக வாழ்கிறார், அந்தச் சோபா ஒன்றை விற்றாலே கட்டணத்தைக் கட்டிவிடலாம், ஆகவே விலக்குக் கூடாது. கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்தில் பில்டிங்காரம்மாவின் கையெழுத்தும் இருந்தது. பத்திரப்படி கட்டடம் அந்தம்மா பெயரில் இருந்ததால் அவர்தான் முதல் எதிர்மனுதாரர். காட்டிய இடத்தில் படிக்காமல் போட்டிருப்பார் என்றாள் சித்தி. அவள் குரலில் கோபமில்லை. ஆனால் அன்று சோபா இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

நான் முறையாக யோசித்துப் பார்த்தேன். நாற்காலிகளின் சிக்கலைத் தீர்க்க முடியும், சோபாவின் சிக்கலைத்தான் தீர்க்க முடியாது என்று பட்டது. சித்தியிடம் சொல்லாமல் பல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நின்றுகொண்டு, ஏனென்றால் நாற்காலிகள் எங்கள் வீட்டில் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். நோயாளிகள் வலியோடு வருகிறார்கள், நாற்காலி புதுசா பழசா என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லி, ஆறும் என்னுடையவை என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வந்ததற்கு என் பல்லையும் பார்த்துவிட்டார். கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறதாம்.

சித்தி கடிதத்தைப் பார்த்துத் திட்டினாள், பிறகு பத்திரமாக எடுத்துவைத்தாள். பில்டிங்காரம்மாவையும் இப்படிக் கேட்டுவிடலாமே என்றேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“நாற்காலி விஷயம் வெளிய தெரிஞ்சா டாக்டர் சிரிப்பாரு. அந்தம்மா விஷயம் வெளிய தெரிஞ்சா வீட்டுல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாத இடத்துல நான் கையை விட மாட்டேன்.”

இரண்டு நாள் போராடி ஒரு வழிக்கு அவளைச் சம்மதிக்கவைத்தேன். சோபாவின் உரிமையாளர் பெயரை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நீதிபதியின் கையில் மட்டும் கொடுப்பது. நீதிபதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஆசிரியை ‘அந்தரங்கக் கடிதம்’ என்று ஒரு பாடம் நடத்தியிருந்தார். நான்கு முறை எழுதி, நான்காவதை உறையில் போட்டேன்.

நீதிமன்ற அறை எங்கள் வகுப்பறையைவிடச் சிறியது. ஆறு வரிசைப் பெஞ்சுகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சத்தம் மட்டும் போட்டது. நீதிபதி கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் நாற்காலியைப் பார்த்தாள். கைப்பிடி ஓரத்தில் தையல் விட்டு ஸ்பாஞ்ச் வெளியே தெரிந்தது. அரை மணி நேர வேலை என்று என் காதில் முணுமுணுத்தாள். அவள் முழங்கையில் இடித்தேன்.

எதிர்ப்பக்கம் பில்டிங்காரர் தன் வக்கீலோடு முன்வரிசையில் இருந்தார். பில்டிங்காரம்மா இரண்டு வரிசை தள்ளி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மனுவைக் கூப்பிட்டதும் சித்தி எழுந்து முன்னால் போனாள். படிவத்தை நிரப்பியவள் என்று நானும் போனேன். நீதிபதி டாக்டரின் கடிதத்தைப் படித்து, நாற்காலிகளை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு சோபாவுக்கு வந்தார். பில்டிங்காரரின் வக்கீல் எழுந்து, வெல்வெட் என்ற சொல்லை ஐந்து முறை உச்சரித்தார். நீதிபதி சித்தியிடம், சோபா யாருடையது என்று கேட்டார்.

பெயரை வெளியே சொல்ல முடியாது, எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் மட்டும் படித்துக்கொள்ளலாம் என்று சித்தி உறையை நீட்டினாள். நீதிபதி அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஒரு தரப்பு காட்டறதை மறு தரப்பும் பாக்கணும்மா. நான் மட்டும் ரகசியமாப் படிச்சிட்டு முடிவு சொல்ல முடியாது. உறையைக் குடுத்தா அவங்க கைக்கும் போகும். குடுக்கறீங்களா?”

நான் இதை யோசித்திருக்கவில்லை. வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. பில்டிங்காரர் கையை ஏற்கெனவே பாதி நீட்டியிருந்தார். சித்தி உறையைப் பார்த்தாள், ஒருமுறை மூன்றாவது வரிசையைப் பார்த்தாள், பிறகு உறையை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

“அப்ப வேண்டாங்கம்மா.”

கொடுக்காவிட்டால் சோபாவை அவளுடையதாகவே கொள்ள வேண்டியிருக்கும், விலக்கு கிடைக்காது, ஏழு நாளில் கட்டணம் கட்ட வேண்டும் என்று நீதிபதி நிதானமாக விளக்கினார். புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றாள் சித்தி. ஏழு நாளில் எங்களால் எதைத் திரட்ட முடியும் என்று நான் மனதுக்குள் பட்டியல் போடத் தொடங்கினேன். ஓடாத சைக்கிளோடு பட்டியல் முடிந்துவிட்டது. நீதிபதி பேனாவின் மூடியைத் திறந்தார்.

பின்னாலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பில்டிங்காரம்மா எழுந்து நின்றிருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த சோபா என்னோடதுங்க.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பில்டிங்காரர் திரும்பி, எந்தச் சோபா என்று கேட்டார். அவர் வக்கீலும் அதையே கேட்டார்.

“நம்ம சோபாதான். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க தூங்கற சோபா.”

பெஞ்சுகளில் யாரோ சிரித்தார்கள். அது அடுத்த வரிசைக்கும் பரவியது. நீதிபதி கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சற்று நேரம் படித்தார். கோப்பு தலைகீழாக இருந்ததை நான் பார்த்தேன்.

பில்டிங்காரர் அது எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டதே என்றார். போகவில்லை என்றார் மனைவி. அப்படியானால் அட்வான்ஸ் என்ன ஆயிற்று என்று அவர் தொடங்கியபோது, நீதிபதி கோப்பை இறக்கி, அது இந்த மனுவில் இல்லை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, அந்தச் சோபாவை விற்றுக் கட்டணம் கட்டலாம் என்ற ஆட்சேபத்தை இன்னும் வலியுறுத்துகிறீர்களா என்று கேட்டார். பில்டிங்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அவருக்காக எழுந்து, ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு வேகமாக உட்கார்ந்தார்.

கட்டணத்துக்கு விலக்கு அளித்து, மனுவை ஏற்று இன்றே எண் கொடுக்க உத்தரவாயிற்று. நான் மூச்சு விட்டேன். ஆனால் நீதிபதி என்னைப் பார்த்தார். படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பெயர் சொல்ல விருப்பமில்லை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே காரணம் கேட்டிருப்போம், இருக்கிற பொருளை இல்லை என்று எழுதக் கூடாது, தன் சொத்தை மறைக்க யாராவது இதைச் செய்திருந்தால் பொய் உறுதிமொழி என்று மனுவைத் தள்ளியிருப்பேன் என்றார். திருத்திச் சுருக்கொப்பம் போடச் சொன்னார். எழுத்தரின் மேஜையில் குனிந்து, பென்சில் தடத்தின் மேலிருந்த அந்த ‘இல்லை’யை அடித்து, ‘ஆம். சோபா ஒன்று, நாற்காலி ஆறு’ என்று எழுதினேன். உரிமையாளர் பெயரைப் பில்டிங்காரம்மாவே எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

அறை விவகாரத்துக்கு அடுத்த மாதம் தேதி போட்டார் நீதிபதி. அதுவரை மெஷினை எடுத்துக்கொள்வதில் கட்டட உரிமையாளருக்கு மறுப்பு உண்டா என்று கேட்டார். பில்டிங்காரர் எழுந்தார். உங்களையல்ல, உரிமையாளரைக் கேட்டேன் என்றார் நீதிபதி. இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும், சாவி அவர் பாக்கெட்டில்தான் இருக்கிறது என்றார் பில்டிங்காரம்மா.

வெளியே நடைபாதையில் வெயில் பெஞ்சுவரை வந்திருந்தது. நன்றி சொல்வாள் என்று நான் நினைத்த சித்தி, பில்டிங்காரம்மாவிடம் நேராகப் போய், இதை ஏன் செய்தீர்கள் என்று சண்டைக்கு நின்றாள். தன் இருபது வருஷத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரின் பொருள் இப்படிச் சபையில் ஏறியது இதுதான் முதல் தடவை என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பூட்டைப் பார்த்து அழாதவள்.

பில்டிங்காரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அந்தக் கவருக்குள்ள என் பேருதானே இருந்துச்சு? அதை மடிச்சு உள்ள வச்சீங்க, பாத்தேன். எனக்காக நீங்க மெஷினை விட்டுட்டுப் போறதைப் பேசாம உக்காந்து பாத்துட்டு, அப்பறம் அந்த சோபாவுல நான் எப்படி உக்காருவேன்?”

வீட்டில் என்ன சொல்வார் என்று சித்தி தலையைப் பில்டிங்காரர் நின்ற பக்கம் சாய்த்துக் கேட்டாள். ரெண்டு நாள் பேசமாட்டார், அது எனக்கு லீவு மாதிரி என்றார் பில்டிங்காரம்மா. புதுச் சோபாவுக்கென்று கணவரிடம் வாங்கியதில் மிச்சம் பிடித்த பணம் வங்கியில் கணவர் பெயரிலேயே இருக்கிறதாம். கேட்டால் சொல்வாராம். கேட்கிற தைரியம் வருவதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்றார். சித்திக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பிடிக்கு மரப் பட்டை வைப்பதா, வெல்வெட்டையே சுற்றிவிடுவதா என்று பேசத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றார் ஒருவர். மெஷின் இன்று கைக்கு வந்தால் வெள்ளிக்கிழமையே தருகிறேன் என்றாள் மற்றவள். மறுபடி பூட்டு விழுந்து வேலை தள்ளிப்போனால் தன்னிடம் கேட்காமல் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளவும் சொன்னாள்.

பில்டிங்காரர் தூணுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வக்கீல் எப்போதோ போய்விட்டார். மெல்ல எங்களிடம் வந்தார். அந்தப் பூட்டின் சாவியைக் கொத்திலிருந்து கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது. வளையம் இறுகியிருந்தது. சித்தி அதை வாங்கி, தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து நெம்பி, சாவியைத் தனியே எடுத்துக்கொண்டு கொத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் போகாமல் நின்றார். ஏதோ கேட்க வேண்டும் என்று தெரிந்தது. மனைவியைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

“என்ன கலரும்மா?”

“கருஞ்சிவப்பு.”

அவர் சற்று யோசித்தார். “நீலம் கிடைக்காதா?”

“துணி வெட்டியாச்சுங்க” என்றாள் சித்தி.